சுவர் எத்தனை அடி தடிமனாக இருக்க வேண்டும்? குடிநீர் அணை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். 60,000 பேர் வாழும் ஒரு சிறு நகரம். கோடையில் நான்கு நாளுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. ஊருக்கு மேற்கே இரண்டு குன்றுகள், நடுவில் குறுகலான ஓர் இடைவெளி, அதன் வழியாக ஓர் ஓடை. "அந்த இடைவெளியை அடைத்து ஓர் அணை கட்டிவிட்டால் போதாதா? சுவர் எத்தனை அடி தடிமன் வேண்டும், எவ்வளவு செலவாகும்?" என்று நண்பர் கேட்டிருக்கிறார்.

செலவைச் சொல்லப் போவதில்லை. பாறையைப் பார்க்காமல் சொல்லும் தொகை வெறும் ஜோசியம். தடிமனைச் சொல்லலாம். அது ஒரு மணி நேரக் கணக்கு, கீழே போட்டுக் காட்டுகிறேன். ஆனால் எல்லோரும் முதலில் கேட்கும் அந்தத் தடிமன்தான் அணை வேலையிலேயே சுலபமான பகுதி. கஷ்டமெல்லாம் சுவருக்கு அடியிலும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. இதைச் சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால், நகரக் குடிநீருக்காகவே கட்டிய இரண்டு அணைகளின் கதையோடு சொல்கிறேன். ஒன்று 1888-இல் கட்டி முடித்தது, இன்னும் நிற்கிறது. இன்னொன்று அதற்கு 38 ஆண்டுகள் கழித்து, அதைவிட நவீனமான கருவிகளோடு கட்டியது. இரண்டே வருடத்தில் போய்விட்டது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. இதில் தேறாவிட்டால் மேலே படிக்கவே வேண்டாம்.

பாதாளச் சாக்கடை உள்ள இந்திய நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. அணை இன்றைய மக்களுக்காகக் கட்டுவதில்லை. 30 ஆண்டில் ஊர் இரட்டிக்கும் என்று வைத்தால் 1,20,000 பேர். குழாயில் ஒழுகி வீணாவது 15 சதவீதம் என்று சேர்த்தால் நாளைக்குச் சுமார் 1.9 கோடி லிட்டர், அதாவது 19,000 கன மீட்டர். வருடத்துக்கு 69 லட்சம் கன மீட்டர். நம் பேப்பர்க் கணக்கில் சொன்னால் கால் டிஎம்சி.

அடுத்து ஆவியாதல். நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழத் தண்ணீரை வானம் எடுத்துக்கொள்ளும். ஏரி ஒரு சதுர கிலோமீட்டர் பரந்திருந்தால் 20 லட்சம் கன மீட்டர் வரை அப்படியே போய்விடும். ஊரே குடிப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அதனால்தான் ஆழமான, குறுகிய பள்ளத்தாக்கைத் தேடுகிறோம். சமவெளியில் பரந்து நிற்கும் பூண்டி மாதிரி ஏரிகளில் இது தீராத தலைவலி.

கீழே ஓடையை நம்பி இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்தால் உங்கள் அணைக்குள் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி கன மீட்டர் வந்தாக வேண்டும். வருமா? அந்த இடைவெளிக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி 25 சதுர கிலோமீட்டர் என்று வைப்போம். 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 225 லட்சம் கன மீட்டர். ஆனால் விழுவதெல்லாம் ஓடாது. மண் குடித்தது, மரம் குடித்தது போக 20 முதல் 30 சதவீதம் ஓடையில் வந்தால் பெரிய விஷயம். அதாவது 45 முதல் 67 லட்சம். பற்றாது. இடைவெளி எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே அணை கட்டினால் நல்ல வருடத்தில் பாதி நிரம்பிய ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பேசலாம். ஆகவே முதல் வேலை நில அளவை வரைபடத்தை எடுத்து மலை முகடுகளை இணைத்துக் கோடு போட்டு, பரப்பை அளப்பது. காசு செலவில்லாத வேலை இது.

சராசரி மழை மட்டும் போதாது. 1883-இல் ரிப்பிள் என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார், இன்றும் அதுதான் அடிப்படை. ஓடையில் மாதாமாதம் வந்த தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு வளைகோடாக வரைய வேண்டும். ஊருக்குக் கொடுக்க வேண்டியதை நேர்கோடாக அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எங்கே அதிகபட்சப் பள்ளம் விழுகிறதோ, அதுவே தேவையான கொள்ளளவு. நம் ஓடைகள் மூன்று மாதம் ஓடி ஒன்பது மாதம் படுத்துக்கொள்பவை. நடுவில் மழை பொய்த்த வருடம் ஒன்றோ இரண்டோ தொடர்ந்து வரும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பதுதான் அணையின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஓடையில் இதுவரை யாரும் அளவுகோல் வைக்கவில்லை என்றால் நாளைக்கே வையுங்கள். மழை அளவை வைத்துக் கணக்குப் போடலாம்தான், ஆனால் இரண்டு மூன்று பருவம் நேரில் அளந்ததற்கு ஈடாகாது.

சரி, தண்ணீர் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி முதல் கதை.

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரம் 19-ஆம் நூற்றாண்டில் வேகமாக வீங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடைத்த தண்ணீர் போதவில்லை. 1880-இல் சட்டம் நிறைவேற்றிக்கொண்டு, வேல்ஸ் மலைகளில் வெர்ன்வி என்ற ஆற்றின் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர 68 மைல் நீளக் கால்வாய், குழாய், சுரங்கம். தாமஸ் ஹாக்ஸ்லி, ஜார்ஜ் டீக்கன் என்ற இரண்டு பொறியாளர்கள் பொறுப்பு. பின்பாதியில் டீக்கன் தனியாகவே நடத்தி முடித்தார்.

அவர்கள் செய்த முதல் காரியம், பள்ளத்தாக்கின் அடியைத் துளைத்துத் துளைத்துப் பார்த்தது. மேலே இருந்து பார்த்தால் தட்டையான வயல்வெளி. துளைபோட்டால் அது பனியாற்றுக் காலத்தில் இருந்த பழைய ஏரியின் படுகை என்று தெரிந்தது. வண்டலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஓர் இடத்தில் மட்டும் பாறை ஒரு வரப்பு மாதிரி குறுக்கே மேலெழும்பியிருந்தது. இயற்கையே ஒரு காலத்தில் அங்கே அணை போட்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். டீக்கன் அந்தப் பாறை வரப்பின் மேல்தான் சுவரை வைத்தார். நூறு மீட்டர் மேலேயோ கீழேயோ வைத்திருந்தால் பாறையைத் தேடி இன்னும் எவ்வளவோ தோண்ட வேண்டியிருந்திருக்கும்.

இந்தத் துளைபோடும் வேலை பற்றி ஒரு வார்த்தை. துளைக்கும் குழாயிலிருந்து வரும் பாறைத் துண்டுகளை வரிசையாக மரப்பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். கோர் பெட்டி என்போம். பார்க்க வரும் அதிகாரிகள் பளபளவென்று முழுசாக வந்த துண்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு "நல்ல பாறை" என்று சொல்லிப் போவார்கள். நான் பழகிய மூத்த பொறியாளர் ஒருவர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பெட்டியில் காலியாக விட்டிருக்கும் இடங்களைத்தான் விரலால் அளப்பார். "வராத கல்லுதான்யா விஷயம். அது ஏன் வரலைன்னு சொல்லு" என்பார். நொறுங்கியது, களிமண் நிரம்பிய விரிசல், தண்ணீரில் கரைந்து போனது, இவையெல்லாம் பெட்டிக்குள் வராது. அணைக்கு எதிரி அவைதான்.

இப்போது உங்கள் தடிமனுக்கு வருவோம். அணையின் உயரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீரின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 40 டன், மேலே பூஜ்யம். சராசரி 20. எனவே அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் 800 டன் விசையோடு தள்ளுகிறது. கவனியுங்கள், ஏரி எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆழம் மட்டும்தான். ஒரு கிலோமீட்டர் நீள ஏரியும் பத்து கிலோமீட்டர் நீள ஏரியும் சுவரை ஒரே மாதிரிதான் தள்ளும்.

இதைத் தாங்குவது சுவரின் எடை. குறுக்குவெட்டு ஒரு செங்கோண முக்கோணம், அடி அகலம் 32 மீட்டர் என்று எடுப்போம். கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன். எடை 1,536 டன். கான்கிரீட்டுக்கும் பாறைக்கும் உராய்வு 0.7 என்று வைத்தால் தாங்கும் விசை 1,075 டன். தள்ளுவது 800. போதும் என்று பேனாவை மூடத் தோன்றும். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் மூடினார்கள்.

ஆனால் தண்ணீர் முன்பக்கம் மட்டும் நிற்பதில்லை. பாறையில் உள்ள விரிசல் வழியாக அடியிலும் நுழைந்து சுவரைக் கீழிருந்து தூக்கும். முன் ஓரத்தில் 40 டன், பின் ஓரத்தில் பூஜ்யம் என்று எடுத்தால் மொத்தம் 640 டன் மேல்நோக்கி. 1,536 டன் எடையுள்ள சுவர் இப்போது 896 டன் மாதிரி நடந்துகொள்ளும். உராய்வு 627. தள்ளுவதோ 800. சுவர் நகர்ந்துவிட்டது! தொட்டியில் மூழ்கிய கல்லைத் தூக்கினால் லேசாக இருக்கிறதே, அதே விஷயம்தான். நிஜத்தில் கான்கிரீட் பாறையோடு ஒட்டிப் பிடிப்பதால் கொஞ்சம் கூடுதல் தாங்குதிறன் உண்டு. ஆனால் அந்த ஒட்டை மட்டும் நம்பி ஊரைத் தூங்க வைக்க முடியாது.

சுவரின் முன்பக்க அடி எந்த நேரத்திலும் பாறையை விட்டு எழும்பக் கூடாது என்று இன்னொரு நிபந்தனையும் உண்டு. எழும்பினால் தண்ணீருக்குக் கதவு திறந்த மாதிரி. இதைக் கணக்கிட்டால், தூக்கும் விசையை மறந்துவிட்டவருக்கு அடி அகலம் உயரத்தில் 65 சதவீதம் போதும் என்று வரும். முழுசாகச் சேர்த்தவருக்கு 85 சதவீதம் வேண்டும் என்று வரும். ஆக, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: அடியில் 26 மீட்டரிலிருந்து 34 மீட்டர் வரை. உச்சியில் ஒரு சாலை போகும் அகலம் போதும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே எங்கே நிற்கலாம் என்பதை முடிவு செய்வது பாறையும், அடியில் புகும் தண்ணீரை நீங்கள் எவ்வளவு வடித்து வெளியேற்றுகிறீர்கள் என்பதும்தான்.

வெர்ன்வி அணை அடித்தளத்திலிருந்து 44 மீட்டர் உயரம். அடித்தடிமன் 39 மீட்டர். பிரிட்டனில் பெரிய அளவில் கட்டிய முதல் கல் அணை அது. அதுவரை அங்கே குடிநீர் அணைகள் பெரும்பாலும் மண் கரைகள். தூக்கும் விசை பற்றிப் பொறியாளர்கள் பரவலாகப் பேச ஆரம்பிக்காத காலம் அது. 1895-இல் பிரான்சில் பூசே அணை உடைந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் எல்லோரும் அதைப் பற்றி விழித்துக்கொண்டார்கள். டீக்கனோ அதற்கு முன்பே அடித்தளத்தில் வடிகால்களை வைத்துவிட்டார். பாறையில் கசிந்து வரும் நீர் அடியில் தேங்கி அழுத்தம் ஏறாமல் வழிந்து போக அது வழி. எனக்குத் தெரிந்து அந்தத் துறையில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட புத்திசாலித்தனம் இது.

இன்றைக்கு நாம் செய்வதும் அதன் வளர்ச்சிதான். முன் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, சிமென்ட் பாலை அழுத்தத்தோடு செலுத்தி விரிசல்களை அடைப்போம். கிரவுட்டிங் என்பது அதுதான். அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு வரிசைத் துளை, இது அடைக்க இல்லை, வடிக்க. அணைக்குள்ளேயே ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்குச் சுரங்கப் பாதை விட்டு, வடியும் நீரை அங்கே சேர்த்து அளப்போம். விரிசல்களை அடைத்த அந்தச் சிமென்ட் திரையை எவ்வளவு நன்றாகப் போட்டாலும் தண்ணீர் கொஞ்சம் புகும். அதனால் திரையைவிட வடிகாலை நான் அதிகம் நம்புவேன்.

வெர்ன்வியில் இன்னும் சில விஷயங்கள் உங்களுக்குப் பயன்படும். உபரி நீருக்கென்று தனிக் கலிங்கு இல்லை. சுவரின் உச்சியில் வளைவுகள் வைத்து அவற்றின் மேல் சாலை. ஏரி நிரம்பினால் வளைவுகளுக்குக் கீழே நீளம் முழுக்க வழிந்து சுவரின் முதுகில் இறங்கும். மதகைத் திறக்க ஆள் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. ஏரிக்குள் ஒரு கோபுரம் நிற்கிறது. பார்த்தால் தேவதைக் கதைக் கோட்டை போல இருக்கும், வேலையோ தண்ணீரை வடிகட்டிக் குழாய்க்குள் அனுப்புவது. குடிநீர் அணைக்கும் பாசன அணைக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். பாசனத்துக்கு எந்தத் தண்ணீரும் போகும். குடிக்க என்றால் மேலே பாசி, அடியில் ஆக்சிஜன் செத்து இரும்பும் மாங்கனீசும் கலந்த நாற்றத் தண்ணீர். அதனால் இன்று கட்டும் கோபுரங்களில் பல உயரங்களில் வாய் வைத்து, அந்தந்தப் பருவத்தில் நல்ல தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கிருந்து எடுப்போம்.

கீழே உள்ளவர்களின் பங்கையும் சட்டத்திலேயே எழுதினார்கள். நாளைக்கு ஒரு கோடி காலன், நம் அளவில் 4.5 கோடி லிட்டர், ஆற்றில் விட்டாக வேண்டும். அப்புறம் வலிக்கிற விஷயம். லான்வுதின் என்ற ஊரே மூழ்கியது. தேவாலயம், சிற்றாலயங்கள், மூன்று மதுக்கடைகள், பத்துப் பண்ணை வீடுகள், 37 வீடுகள். கீழே புது ஊரும் புதுத் தேவாலயமும் கட்டிக் கொடுத்தார்கள். கல்லறையில் இருந்தவர்களையும் எடுத்து மாற்றிப் புதைத்தார்கள். ஆனால் தண்ணீர் லிவர்பூலுக்கு, இழப்பு வேல்ஸுக்கு என்ற மனக்குறை அங்கே இன்னும் ஆறவில்லை. உங்கள் ஓடைக்கு மேலே எத்தனை வீடு, எத்தனை காடு, யாருடைய குலதெய்வக் கோயில் இருக்கிறது என்பதை வரைபடம் போடும் முதல் நாளே எழுதி வையுங்கள். கடைசியில் எழுதினால் அதுவே அணையை நிறுத்தும், நிறுத்துவதும் சரிதான்.

1881-இல் தொடங்கி 1888 நவம்பரில் மதகை மூடினார்கள். ஏரி நிரம்ப ஒரு வருடம் ஆனது. கொள்ளளவு சுமார் 6 கோடி கன மீட்டர், அதாவது இரண்டு டிஎம்சிக்குச் சற்று மேல்.

இனி இரண்டாவது கதை. இதை அணைப் பொறியாளர் யாரும் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் தண்ணீருக்கு ஒரே பெயர் வில்லியம் முல்ஹாலண்ட். வாய்க்கால் காவலாளாக வேலைக்குச் சேர்ந்து, படித்துக்கொண்டே தலைமைப் பொறியாளர் ஆனவர். 1913-இல் 233 மைல் தூரத்திலிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுவந்த கால்வாயை முடித்தவர். அவர் பேச்சுக்கு நகரத்தில் மறுபேச்சு இல்லை. அந்தக் கால்வாய்க்கு ஏதாவது ஆனால் நகரம் காயக் கூடாது என்று, வடக்கே சான் ஃபிரான்சிஸ்கிட்டோ பள்ளத்தாக்கில் 1924 முதல் 1926 வரை செயின்ட் ஃபிரான்சிஸ் அணையைக் கட்டினார். லேசாக வளைந்த கான்கிரீட் அணை.

கட்டும்போதே கொள்ளளவு போதாது என்று பட்டது. உயரத்தை 10 அடி கூட்டினார்கள். அடுத்த வருடம் இன்னும் 10 அடி. அடி அகலத்தைக் கூட்டவில்லை. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். கவிழ்க்கும் திறன் உயரத்தின் மும்மடியில் ஏறும். பத்து சதவீதம் உயர்த்தினால் கவிழ்ப்பு 33 சதவீதம் கூடும். வீட்டுக்கு ஒரு மாடி கூட்டுவதுபோல அணைக்கு அடி கூட்ட முடியாது.

ஆனாலும் அதுவே முழுக்காரணம் இல்லை. பக்கங்களைப் பார்ப்போம். மேற்குக் குன்று சிவந்த கூழாங்கல் பாறை. காய்ந்திருக்கும்போது கெட்டி. ஒரு துண்டை உடைத்துத் தண்ணீர்க் கிளாஸில் போட்டால் குமிழி விட்டுக் கரைந்து சேறாகும். விபத்துக்குப் பிறகு இதைச் செய்து காட்டினார்கள். முன்பு செய்திருந்தால் ஒரு கிளாஸ் தண்ணீர்தான் செலவு. கிழக்குக் குன்றோ ஏடு ஏடாகப் பிரியும் பாறை. சாய்ந்த சீட்டுக்கட்டு போல. அது முழுக்கவே பழங்கால நிலச்சரிவு ஒன்றின் உடல் என்பதை ராஜர்ஸ் என்ற நிலவியல் பொறியாளர் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்து காட்டினார். இரண்டு பாறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பிளவு ஓடியது. வடிகால் துளைகள் நடுப்பகுதியின் அடியில் மட்டும் இருந்தன. இரண்டு பக்கங்களுக்கும் இல்லை. டீக்கன் 40 வருடம் முன்பு செய்ததைப் பாதிதான் செய்திருந்தார்கள்.

1928 மார்ச் 7-ஆம் தேதி ஏரி முதல் முறையாக நிரம்பியது. கலிங்கு உச்சிக்கு மூன்றே அங்குலம் கீழே. மார்ச் 12 காலையில் அணைக் காவலர் ஒரு கசிவைப் பார்த்தார். கசிவு எந்த அணையிலும் இருக்கும். அவரைப் பதற வைத்தது அதன் நிறம், கலங்கலாக வந்தது. கலங்கல் என்றால் தண்ணீர் அடித்தளத்தைக் கரைத்துக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். போன் போட்டார். முல்ஹாலண்ட் தன் உதவியாளரோடு நேரில் வந்து இரண்டு மணி நேரம் பார்த்தார். கசியும் இடத்தில் நீர் தெளிவாகத்தான் இருக்கிறது, புதிதாக வெட்டிய பாதையின் மண்ணில் ஓடி வருவதால் கலங்குகிறது என்று முடிவு செய்தார். ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நள்ளிரவுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அணை போனது.

ஒன்றே முக்கால் டிஎம்சிக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் காலியானது. முதல் அலை 140 அடி உயரம். 54 மைல் ஓடிப் பசிபிக் கடலில் விழ ஐந்தரை மணி நேரம். குறைந்தது 431 பேர் இறந்தார்கள். காவலரும் அவருடைய சிறு மகனும் முதலில் போனவர்களில் இருந்தார்கள். விடிந்தபோது இரண்டு பக்கமும் அடித்துப் போயிருக்க, வடிகால் துளைகள் இருந்த நடுத்துண்டு மட்டும் தனியாக நின்றது. வடிகாலால் மட்டும்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன், அதன் கீழே இருந்த பாறையும் வேறு. ஆனால் அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துளைகள்தான் என் கண்ணுக்குத் தெரியும்.

முல்ஹாலண்ட் பழியை வேறு யார் தலையிலும் போடவில்லை, தன்மேல் ஏற்றுக்கொண்டார். அதை மதிக்கிறேன். விசாரணை சொன்ன முக்கியமான விஷயம் பாறையைப் பற்றியது அல்ல. இவ்வளவு பெரிய அணையை, எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், ஒரே மனிதரின் முடிவுக்கு விட்டிருக்கக் கூடாது என்றது. அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி நகராட்சிகள் சொந்தப் பொறியாளர்களை வைத்துக் கட்டும் அணைகளை மாநிலம் சோதிக்கத் தேவையில்லை. 1929-இல் அந்த விதிவிலக்கை எடுத்தார்கள். நம் நாட்டில் 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் அதன் கீழ் வரும்.

"கல்லும் கான்கிரீட்டும் எதற்கு, நம் ஏரிக்கரை மாதிரி மண்ணால் கட்டலாமே" என்று நீங்கள் கேட்கலாம். கட்டலாம். இந்தியாவில் பெரும்பாலான அணைகள் மண் அணைகள்தான். பாறை ஆழத்தில் இருந்தால் அதுவே புத்திசாலித்தனம், எடை பரந்து விழுவதால் சுமாரான நிலமும் தாங்கும். ஆனால் மண் அணைக்கு இரண்டு எமன்கள். ஒன்று, உள்ளே நடக்கும் அரிப்பு. கரையில் நண்டு வளை பெரிதாகி ஏரி உடைந்த கதை நம் கிராமத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் குடிநீருக்காகக் கட்டிய டேல் டைக் அணை, 95 அடி உயரம், நடுவில் களிமண் சுவர் வைத்த மண் கரை. நீர் எடுக்கும் இரும்புக் குழாய்களைக் கரைக்கு அடியிலேயே புதைத்திருந்தார்கள். 1864 மார்ச் 11 மாலை கரையில் விரல் நுழையும் அளவு விரிசலைத் தொழிலாளி ஒருவர் பார்த்தார். நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்தது, முதல் முறை நிரம்பும்போதே. 240 பேருக்கு மேல் இறந்தார்கள். குழாய்தான் காரணமா, நிலம் சரிந்ததா என்ற சண்டை நெடுநாள் நடந்தது. ஆனால் கரைக்கு அடியில் குழாய் போடாதே, பக்கத்துக் குன்றின் பாறையில் சுரங்கம் குடைந்து கொண்டுபோ என்ற பழக்கம் அதன்பிறகு வலுத்தது. இன்று களிமண் சுவருக்குப் பின்னால் மணல் வடிகட்டி அடுக்கும் வைக்கிறோம். நீர் போகலாம், மண் துகள் போக முடியாது.

இரண்டாவது எமன், மேலே வழிவது. வெர்ன்வி சுவர்மேல் வெள்ளம் ஓடலாம். மண் கரைமேல் ஓடினால் சில மணி நேரத்தில் கரை கரைந்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணைக்கு வந்த வெள்ளம் கலிங்கின் திறனைப் பல மடங்கு தாண்டி, மண் கரை அடித்துப் போய், மோர்பி நகரம் மூழ்கியது. நீர் நிற்கும் உயரம் 30 மீட்டரைத் தாண்டினால், அந்தப் பகுதியில் வரக்கூடிய உச்சபட்ச வெள்ளத்துக்கே கலிங்கு போட வேண்டும் என்பது நம் விதி. நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளத்தை வைத்துக் கணக்குப் போட்டு செலவைக் குறைக்கலாம் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கட்டும் வேலையைப் பற்றிச் சுருக்கமாக. மழை இல்லாத மாதங்களில் மேலே தற்காலிகத் தடுப்பு போட்டு, ஓடையைப் பக்கத்தில் திருப்பி, அடித்தளத்தைச் சம்மட்டி தட்டினால் மணி போல ஒலிக்கும் பாறை வரும்வரை தோண்டி, கழுவி, பல்லால் கடித்துப் பார்க்கலாம் போலச் சுத்தம் செய்ய வேண்டும். கான்கிரீட் இறுகும்போது சூடாகும். பெரிய மொத்தையாகப் போட்டால் உள்ளே மாதக்கணக்கில் சூடு இருந்து, ஆறும்போது வெடிக்கும். ஆகவே பாளம் பாளமாக, ஒன்றரை மீட்டர் உயரமாக, நடுவில் இணைப்பு விட்டுப் போடுவோம். அனல் மின்நிலையச் சாம்பல் கலந்தால் சூடு குறையும். செயின்ட் ஃபிரான்சிஸில் இணைப்புகள் விடவில்லை, குறுக்கே விரிசல்கள் விட்டன, சாதாரணம்தான் என்று பூசி மூடினார்கள்.

நிரப்பும் வேலை எல்லாவற்றையும்விடப் பொறுமை கேட்பது. முதல் நிரப்பலில் உடைந்த அணைகள் நிறைய, செயின்ட் ஃபிரான்சிஸையும் டேல் டைக்கையும் பாருங்கள். ஒவ்வொரு சில மீட்டருக்கும் நிறுத்தி, கசிவை அளந்து, நிறத்தைப் பார்த்து, மேலே போக வேண்டும். அமைச்சர் மலர் தூவத் தேதி கொடுத்துவிட்டார் என்று அவசரமாக நிரப்பக் கூடாது. கசிவு அளவைப் பதிவேட்டில் எழுதும் ஆள் தினமும் போகிறாரா என்பதும் முக்கியம். கலங்கல் வந்தால் அவர் யாரைக் கேட்டு ஏரியை இறக்கலாம், அந்த அதிகாரம் எவரிடம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம் என்றால், நீர்ப்பிடிப்புப் பரப்பை அளந்து அனுப்புங்கள், மழைக் கணக்கு இருபது வருடத்துக்குக் கிடைக்குமா பாருங்கள். குழாயில் எவ்வளவு ஒழுகுகிறது என்றும் நகராட்சியில் கேளுங்கள். பல ஊர்களில் அதை அடைப்பதே பாதி அணைக்குச் சமம். அடுத்த முறை அந்த இடைவெளிக்குப் போகும்போது இரண்டு பக்கக் குன்றிலிருந்தும் வெயில் பட்டு வெளுத்த மேல்தோலைத் தட்டிவிட்டு ஒவ்வொரு கல் உடைத்து எடுத்து வாருங்கள். எந்தக் கல் எந்தப் பக்கம் என்று குறித்து, ராத்திரி தனித்தனி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வையுங்கள். காலையில் எந்த டம்ளர் கலங்கியிருக்கிறது என்று எழுதுங்கள், அங்கிருந்து பேசுவோம்.